சகலை வீட்டுக் கடல்

"இதுவா… இல்ல, இதுவா?"

கேட்டுவிட்டு அவர் சுவரிலிருக்கும் எழுத்துகளைப் பார்ப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணைப் பார்க்கிறார். மூக்கின் மேல் ஏற்றிவைத்த கனமான வட்டச் சட்டத்தில் ஒரு லென்ஸைச் செருகுகிறார், எடுக்கிறார், இன்னொன்றைச் செருகுகிறார். எழுத்துகள் எங்கும் ஓடிவிடாது, எப்போதும் அதே எழுத்துகள்தான். கண்தான் தயங்கும், சுருங்கும், தெரிந்ததுபோல் நடிக்கும் என்பது அவர் கட்சி.

நாள் முழுவதும் ஊரார் கண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பிழைக்கிற மனிதரின் வாழ்க்கை, என்னிடம் வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருவனுக்கு நன்றாகத் தெரிந்தால் போதுமா, இல்லை, அடுத்தவனுக்குத் தெரிவதைவிட நன்றாகத் தெரிந்தால்தான் போதுமா?

எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயர் கண்ணாடிக்காரர். ஆனால் அவர் கண்ணாடி அணிவதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண் பரிசோதிப்பவர் வெறுங்கண்ணோடு நின்றால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வராது என்று முதலாளி ஒருமுறை பவர் இல்லாத கண்ணாடி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். "பொய்க் கண்ணாடியப் போட்டுக்கிட்டு நெஜக் கண்ணாடி விக்கச் சொல்றீங்களா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சட்டைப் பையில் எப்போதும் லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணி ஒன்று மடித்திருக்கும். கை சும்மா இருக்காது. லிஃப்டின் கண்ணாடி, பேருந்து ஜன்னல், பேசிக்கொண்டிருப்பவரின் கைபேசி, டீக்கடை மேசையிலிருக்கும் ஸ்பூன், எதுவானாலும் துடைத்துக் கொடுத்துவிடுவார். என் கைபேசியை அவர் துடைத்துத் தந்த நாளில்தான் அதன் திரையில் கீறல் இருப்பதே எனக்குத் தெரிந்தது. அதற்காக நன்றி சொன்னதாக நினைவில்லை.

பரிசோதனையின் நடுவே அவர் ஒரு வேலை செய்வார். லென்ஸை எடுப்பார், பெட்டிப் பக்கம் கையைக் கொண்டுபோவார், அதே லென்ஸைத் திரும்பச் செருகுவார். "இதுவா… இல்ல, இதுவா?" பெரும்பாலானவர்கள் இரண்டாவதுதான் தெளிவு என்பார்கள். அவர் சிரிக்கமாட்டார், குறித்துக்கொண்டு நகர்வார். இப்படிச் சொல்கிறவர்களின் மற்ற பதில்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். "ரெண்டாவதா வர்றது நல்லாத்தான் இருக்கும்னு மனுசனுக்கு ஒரு நெனப்பு சார்." என்னிடம் அதைச் செய்தபோது இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதே என்றேன். எனக்கு எதிலும் சட்டென்று ஆமாம் சொல்ல வராது, அவ்வளவுதான். அவரோ அதைப் பெரிய குணமாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து தம் வழக்குகளில் என்னை நடுவராக்கினார்.

வழக்குகள் எல்லாம் ஒரே வகை. எதிர்க்கடையின் புதுப் பலகை எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க முடிகிறது, மேல்வீட்டுக்காரர் பால்கனியில் காற்று அதிகமா, கடையில் கூட வேலை பார்ப்பவருக்கு முதலாளி சொன்ன "வணக்கம்" தமக்குச் சொன்னதைவிட நீளமா. கேட்டால், "பொறாமை இல்ல சார். ஒப்பீடு" என்பார். பொறாமையை நோய் என்று எழுதியவர்களைத்தான் நான் அதிகம் படித்திருக்கிறேன். இவரிடம் அது பசியைப் போல வேளைக்கு வந்தது, வேளைக்கு அடங்கியது. அதனால் யாருக்கும் சேதமில்லை. அதை ஒரு குணக்கேடாக எண்ண எனக்குத் தோன்றவில்லை, அவருடைய சகலை, கம்ப்யூட்டரில் படத்தைத் தெளிவாகக் காட்டும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கும் வரை.

சகலை என்பவர் அவர் மனைவியின் அக்காள் கணவர். குளியலறை, சமையலறைகளுக்கான டைல்ஸ் கடை வைத்திருப்பவர். உரத்த குரல், பளபளக்கும் வழுக்கை, யார் வந்தாலும் எதையாவது கையில் கொடுத்து அனுப்பும் சுபாவம். இவரை "லென்ஸு" என்று கூப்பிடுவார். இவர் அவரை "அண்ணே" என்பார். அந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இரு குடும்பத்திலும் யாரும் பேசுவதில்லை.

இந்த வீட்டில் ஒரு பெண் உண்டு. பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சுக்காரி, உயரக் குறைவால். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதும் அப்பாவும் மகளும் கூடத்து மூலையிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் படகு விடுவார்கள். தீவுக் கூட்டங்களுக்கு நடுவே ஒரு சிறிய படகை ஓட்டிக்கொண்டு போய், அணைந்து கிடக்கும் கலங்கரை விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றுகிற விளையாட்டு அது. சுக்கான் அப்பாவிடம், பாயும் விளக்கும் மகளிடம். ஒரே விசைப்பலகையில் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். இந்தக் காலத்து விளையாட்டை அந்தக் காலத்து கார்டு இழுக்க முடியாமல் இழுத்தது. ஆழ்கடலுக்குப் போனால் உள்ளே விசிறி அலறும். சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்: "அங்க ஓடுறது கம்ப்யூட்டரா, மிக்ஸியா?" தூரத்தில் எதுவும் தெரியாது, ஒரே வெள்ளை மூட்டம். படகு கிட்டப் போன பிறகுதான் ஒரு தீவு திடீரென்று முளைக்கும், அதுவும் முதலில் மொட்டையாக, அப்புறம்தான் மரங்கள். அப்பாவும் மகளும் அதற்கு சோம்பேறித் தீவு என்று பெயர் வைத்திருந்தார்கள். மூட்டத்துக்குள் நுழையும்போது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இப்ப… இப்ப…" என்பதைக் கீழ்வீட்டிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். படிப்பதற்கு இடைஞ்சலான சத்தம். அது நின்றுபோன ஞாயிற்றுக்கிழமைதான், அதை எதிர்பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது எனக்கே தெரிந்தது.

சகலை புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அதில் சந்தைக்கு அப்போதுதான் வந்திருந்த கார்டு. அதே படகு விளையாட்டு. பெண் ஒருநாள் பெரியம்மா வீட்டுக்குப் போனவள் பெரியப்பாவின் கடலைப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த ஞாயிறும் போனாள். பிறகு ஞாயிறு என்றாலே அங்கேதான் என்று ஆனது.

அவள் திரும்பி வந்ததும் விசாரணை நடக்கும். நான் ஒருமுறை கூட இருந்தேன்.

"எப்படி இருக்கு அங்க?"

"ஆழம் தெரியுதுப்பா. உள்ள மீன் போறது தெரியுது. விளக்க ஏத்துனா வெளிச்சம் தண்ணியில ஆடுது."

"நம்ம கடல்ல மட்டும் என்ன?"

"நம்ம கடல் சிமெண்ட் மாதிரி இருக்குப்பா. நீலப் பெயின்ட் அடிச்ச சிமெண்ட்."

"தீவெல்லாம்?"

"எல்லாத் தீவும் மொதல்லேருந்தே தெரியுது."

"சோம்பேறித் தீவு?"

"அங்க அது சோம்பேறி இல்லப்பா."

அவர் மஞ்சள் துணியை எடுத்துத் தம் வீட்டு மானிட்டரைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை. அன்று மாலை படிக்கட்டில் என்னை நிறுத்தி, "சிமெண்ட்டுன்னுட்டா சார்" என்றார். மறுநாளும் சொன்னார்.

கார்டை மாற்றுவது தகுமா என்ற விசாரம் அப்படித்தான் தொடங்கியது. பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனபோது ஒரு கை பிடிக்க என்னையும் கூட்டிப் போனார். கடைக்காரர் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, துக்க வீட்டில் நிற்பவர்போல் தலையை ஆட்டினார்.

"புதுக் கார்டு இதுல உக்காரும் சார். ஆனா பவர் சப்ளை பத்தாது, மாத்தணும். உங்க மானிட்டரும் பழசு. கார்டு காட்டுறதுல பாதியக்கூட அது காட்டாது. மாட்டு வண்டியில கார் இன்ஜின் வெச்ச கதையாயிரும்."

"வித்தியாசம் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். கொஞ்சம் தெரியும். அப்படி என்ன விளையாடுறீங்க? சண்டையா, ரேஸா?"

"படகு."

"படகா?" கடைக்காரர் என்னைப் பார்த்தார். "படகுக்கு இருக்கறதே போதுமே சார்!"

"போதும்னு யாரு முடிவு பண்றது? பாக்குற கண்ணு இல்ல முடிவு பண்ணணும்" என்றார் கண்ணாடிக்காரர். குரலில், கடையின் பின்னறையில் ஒருபோதும் வராத சூடு இருந்தது. அந்தக் கார்டை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் மனைவி விடவில்லை. "அக்கா வீட்டுக்காரர்கிட்ட இருந்தா உங்ககிட்டயும் இருக்கணுமா? அவருக்கு வழுக்கையும்தான் இருக்கு. அதுவும் வேணுமா?"

"ஒப்பீடு பண்ணாத."

"யாரு, நானா பண்றேன்?" அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். "நீங்க அந்தக் கடலப் பாத்ததேயில்ல. போய்ப் பாருங்க. உங்க கண்ணால பாத்து, வித்தியாசம் இருக்குன்னா வாங்குங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளோடு என்னையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போனார். பேருந்தில் மகள் முன்னிருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தம் திட்டத்தைத் தணிந்த குரலில் சொன்னார். பரிசோதனை அறையில் செய்வதைத்தான் அங்கேயும் செய்யப்போகிறார். ஒரு காட்சி, அப்புறம் செட்டிங்கை மாற்றி அதே காட்சி. கடைசியில் எதையும் மாற்றாமல் ஒன்றையே இரண்டு தடவை காட்டுவார். "அண்ணன் ரெண்டாவதும்பாரு பாருங்க. அப்பச் சொல்வேன், 'ரெண்டும் ஒண்ணுதாண்ணே'ன்னு." இதை ஒருமுறை பணிவாகச் சொல்லிப் பார்த்தார், ஒருமுறை சிரிப்போடு சொல்லிப் பார்த்தார். "எது நல்லாருக்கு சார்? இதுவா… இல்ல, இதுவா?"

இரண்டும் ஒன்றுதான் என்றேன். அதற்கு அவர் முகம் கொஞ்சம் சுண்டியது.

சகலை வீட்டில் அறைக்கு ஒரு தினுசு டைல்ஸ். கடையில் மிஞ்சியவை போலும். வாசலிலேயே குரல் வந்துவிட்டது. "வா லென்ஸு! வாங்க சார்! வாடா தங்கம்! இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா லென்ஸு? வந்து பாரு கடல. அதுக்காகக் குதிச்சிராத, டைல்ஸ் ஒடஞ்சிரும்!"

கம்ப்யூட்டருக்கென்றே ஓர் அறை. பக்கவாட்டில் கண்ணாடி வைத்த பெட்டி, உள்ளே நிறம் மாறும் விளக்குகள். விசிறி ஓடுகிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. மேசைக்கு முன் நல்ல நாற்காலி ஒன்று. கால் எட்டாமல் தொங்கக் கூடாதென்று அதன் கீழே ஒரு பலகை போட்டிருந்தது. மேசை ஓரத்தில் ஒரு தலைமுடிக் கிளிப். அப்படிச் சின்னப்பிள்ளைக் கிளிப் போடும் தலை அந்த வீட்டில் யாருக்கும் இல்லை, பெண்ணுடையதுதான். நாற்காலிக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கு எதிராக, ஒரு மர ஸ்டூல். பெண் நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும், வீட்டுக்குச் சொந்தக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

கடல் நன்றாக இருந்தது. அதற்கு மேல் சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் நன்றாக இருந்தது. நீருக்கு ஆழம் இருந்தது. விளக்கை ஏற்றியதும் வெளிச்சம் அலைமேல் உடைந்து, சேர்ந்து, மறுபடி உடைந்தது. தூரத்துத் தீவுகளின் மேல் மேகநிழல் நகர்ந்தது. கண்ணாடிக்காரர் மவுஸை வாங்கி, பிரதிபலிப்பை அணைத்துக் காட்டினார், போட்டுக் காட்டினார். தூரத்தைக் குறைத்தார், கூட்டினார். ஒவ்வொரு தடவையும் திரைக்கு அருகே குனிந்து பார்த்தார்.

"இருக்கு" என்றார் கடைசியில், நோயாளியிடம் சொல்லும் குரலில். "வித்தியாசம் இருக்கு."

"பின்ன? சும்மாவா வாங்குனேன்!" என்றார் சகலை.

"இப்ப உங்களுக்குண்ணே. நல்லாப் பாத்துச் சொல்லணும். இதுவா…" செட்டிங் பக்கத்தைத் திறந்தார். சுட்டியை மேலும் கீழும் ஓட்டினார். எதையும் தொடாமல் மூடினார். "…இல்ல, இதுவா?"

"ரெண்டாவது!" சகலை கையைத் தட்டினார். "சந்தேகமே இல்ல. அடேங்கப்பா, என்னா தெளிவு!"

பெண் சட்டென்று அப்பா பக்கம் திரும்பினாள். அவள் அப்பாவின் வித்தையில் வளர்ந்தவள். அவர் கை எதையும் மாற்றவில்லை என்பதைப் பார்த்திருந்தாள். வீட்டில் அம்மாவிடமும் தன்னிடமும் அவர் இதைச் செய்யும்போதெல்லாம் கடைசியில் "மாட்டுனீங்களா!" என்று இருவரும் சேர்ந்து கத்துவது வழக்கம். கத்துவதற்கு வாய் பாதி திறந்து தயாராக இருந்தது. அவருடைய கண்ணசைவுக்குத்தான் காத்திருந்தாள்.

அவரோ, பழக்கதோஷத்தால், திரையைப் பார்க்காமல் சகலையின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அந்தக் கண் திரைப்பக்கம் போகவேயில்லை. முதல் காட்சிக்கும் போகவில்லை, இரண்டாவதற்கும் போகவில்லை. அது பெண்ணின் முகத்தில் இருந்தது. அவள் முகம் மலர்ந்த நொடியைத்தான் அவர் "ரெண்டாவது" என்றார்.

"பாப்பாவுக்கும் அதான புடிச்சிருக்கு? அதையே வெச்சிரு லென்ஸு" என்றார்.

கண்ணாடிக்காரரின் உதடு பிரிந்தது. பேருந்தில் ஒத்திகை பார்த்த வாக்கியம் அங்கே வந்து நின்றது எனக்குத் தெரிந்தது.

"ஆமாண்ணே" என்றார். "ரெண்டாவதுதான்."

பெண் வாயை மூடிக்கொண்டாள். அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கடல் பக்கம் திரும்பிப் படகை எடுத்தாள். சகலை சமையலறையைப் பார்த்து, "வந்தவங்களுக்கு டீ எங்க?" என்று கத்தினார்.

பெண்ணை மாலையில் சகலையே காரில் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. நாங்கள் இருவர் மட்டும் திரும்பினோம். பேருந்தில் அவர் ஜன்னலைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. இறங்கும் இடம் நெருங்கியபோது, யாரும் கேட்காத ஒன்றைச் சொன்னார்.

"அந்த ஸ்டூல்ல உக்காந்தா ஜன்னல் வெளிச்சம் முழுக்க ஸ்கிரீன்ல அடிக்கும் சார். ஒண்ணும் தெரியாது. வெறும் வெள்ளை."

இதை வைத்து அவரைப் பெரிய மனது படைத்தவர் என்று சொல்ல நான் அவசரப்படவில்லை. நல்லவேளை. ஏனென்றால் மறுநாளே போய் அந்தக் கார்டை வாங்கிவிட்டார். பவர் சப்ளையும் சேர்த்து. மனைவி சொன்ன சொல் தவறாமல் வாயைத் திறக்கவில்லை. அன்று பாத்திரங்கள்தான் பேசின. இனி ஞாயிற்றுக்கிழமை என் தலைக்கு மேலே "இப்ப… இப்ப…" என்ற சத்தம் திரும்பிவிடும் என்று எண்ணினேன்.

வரவில்லை. கார்டு பெட்டியோடு அலமாரி மேல் ஏறியது. மூடியில் ஒட்டிய முத்திரைச் சீட்டு கிழியவில்லை. பழைய கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டை மட்டும் அவர் கழற்றி வைத்திருக்கிறார். திருகாணிகள் பத்திரமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருக்கின்றன. "எப்பப்பா மாட்டுவீங்க?" என்று பெண் கேட்டால், "மாட்டணும் பாப்பா" என்கிறார். உதிரிபாகக் கடைக்காரர் வழியில் பார்த்து, "கார்டு எப்படி சார் ஓடுது?" என்றபோது, "சூப்பரா ஓடுது" என்றார், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. நடு வாரத்தில் ஏதாவது ஒரு மாலை, வீட்டுப்பாடம் முடிந்தால், அப்பாவும் மகளும் சிமெண்ட் கடலில் சற்று நேரம் படகு விடுகிறார்கள். சோம்பேறித் தீவு வர எப்போதும்போல் நேரமாகிறது. ஞாயிறு வந்தால், "பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பலையா?" என்று அவரே நினைவுபடுத்துகிறார், செருப்பைத் தேடிக் கொடுக்கிறார்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அவள் திரும்பி வந்ததும் இன்றும் விசாரணை நடக்கிறது. எந்த விளக்கு ஏற்றினீர்கள், தண்ணீரில் எப்படித் தெரிந்தது, பெரியப்பா என்ன சொன்னார். அவள் பதில் நீள நீள அவர் முகம் சின்னதாகிறது. சகலை புது மானிட்டர் வாங்கப் போகிறாராம் என்று கேள்விப்பட்ட அன்று அவர் சாப்பிடவில்லை என்று அந்த அம்மாள் சொன்னார். நான் கேட்டதற்கு, "பொறாமை இல்ல சார்" என்று தொடங்கினார், ஆனால் அடுத்த சொல்லை முடிக்கவில்லை.

போன ஞாயிறு நான் அங்கே இருந்தேன். கீழே காரின் ஒலிப்பான் இரண்டு தடவை கேட்டது. பெண் படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். அவர் பால்கனியில் நின்று கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்தார். உள்ளே வந்து நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கினார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து எல்லாப் பக்கமும் துடைத்தார், மூலைகளைக்கூட விடவில்லை. லென்ஸில் கீறல் பார்ப்பதுபோல் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தார். முத்திரைச் சீட்டின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெல்ல ஓட்டிக்கொண்டே போனார். மூலைக்கு வந்ததும் நகம் நின்றது. மறுபடி நாற்காலியில் ஏறி, பெட்டியை இருந்த இடத்திலேயே, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.